ஆபீஸ் நாற்காலிக்கு முதல் மாலை

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நாற்பது வருஷத்துக்கும் மேலாக ஒரு காலி நாற்காலிக்கு மாலை போட்டு வந்தார்கள். கதை விடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஆடித் திருவிழாவில் அம்மனுக்குத் தீபாராதனை முடிந்ததும் பூசாரி ஒரு கனமான மாலையைத் தட்டில் ஏந்திக்கொண்டு வெளியே வருவார். மேளம் உச்சத்துக்குப் போகும். பந்தலுக்கு அடியில் தேக்கில் செய்த கைவைத்த நாற்காலி ஒன்று துடைத்து வைக்கப்பட்டிருக்கும். அதன் முதுகில் மாலையைப் போட்டுவிட்டுக் கும்பிடுவார். கூட்டமும் கும்பிடும். அதற்குப் பிறகுதான் கோயில் தலைவருக்கும் உபயக்காரர்களுக்கும் மற்ற மாலைகள்.

அந்த நாற்காலியில் உட்கார வேண்டியவர் தோட்டத்துத் தொரை. வெளியே மேனேஜர் என்பார்கள், எங்களுக்குத் தொரைதான். தொரை போய், ஆபீஸ் போய், ரப்பர் மரமே போய், ஈப்போவுக்குப் பக்கத்தில் செமோருக்கு உள்ளே கிடந்த அந்த நிலமெல்லாம் எண்ணெய்க்குப் போடும் செம்பனை ஆன பிறகும் நாற்காலி இருந்தது. வருஷா வருஷம் மாலையும் விழுந்தது. முக்கால்வாசி வருஷங்கள் அந்த மாலையைக் கட்டியவள் என் அம்மா.

நான் ஈப்போவில் ஓர் இடைநிலைப் பள்ளியில் முப்பது வருஷத்துக்கு மேல் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள். ரெஸ்பெக்ட் என்ற சொல்லை எத்தனை தடவை பலகையில் எழுதியிருப்பேனோ, கணக்கே இல்லை. அகராதியில் அதற்கு ஒரு கைப்பிடி அர்த்தம் இருக்கிறது. பயந்து பணிவதும் அதுதான், மனசார மதிப்பதும் அதுதான். செத்தவர் முன்னால் போய் நிற்பதற்கும் அதே சொல். ஒருவரைக் கவனித்துப் பார்ப்பது என்றும் ஒரு பழைய அர்த்தம் ஓரமாகக் கிடக்கிறது. பையன்கள் அதையெல்லாம் எங்கே கேட்டார்கள்? நெஞ்சில் முஷ்டியால் இரண்டு தட்டு தட்டி, "ரெஸ்பெக்ட், டீச்சர்!" என்பார்கள், அத்தோடு பாடம் முடிந்தது. "உட்காருடா" என்பேன். ஆனால் அந்தப் பாடம் வரும்போதெல்லாம் என் மனசு தோட்டத்துக்குப் போய்விடும்.

தோட்டத்தில் மரியாதைக்கு அளவு உண்டு. அப்பா சைக்கிளில் வரும்போது எதிரே தொரையின் ஜீப் வந்தால் முழுசாக இறங்கிப் புல் ஓரமாக நிற்க வேண்டும், தலைத்துணியை அவிழ்த்துக் கையில் பிடிக்க வேண்டும். கிராணி, அதாவது ஆபீஸ் கணக்குப்பிள்ளை, மோட்டார் சைக்கிளில் வந்தால் ஒரு காலைத் தரையில் ஊன்றினால் போதும். வேலையை மேற்பார்க்கும் மண்டோருக்கு மணி அடித்தாலே சரி. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. லயத்து வரிசை வீடுகளில் பிறந்த குழந்தைக்கும் தெரியும்.

ஒரு நாள் நான் சைக்கிளின் முன்கம்பியில் உட்கார்ந்திருந்தேன். ஜீப் வந்தது. அப்பா என்னையும் இறக்கிவிட்டுத் தானும் இறங்கி நின்றார். ஜீப் புழுதியை எங்கள் மேல் அள்ளிக் கொட்டிவிட்டுப் போனது. எனக்குச் சின்ன வயசிலிருந்தே மூக்குக்கு மேல் கோபம்.

"அவருதான் நம்மள பாக்கவே இல்லியேப்பா!"

"அவரு பாக்குறாரா இல்லியான்னு பாக்க நாம யாரு? ஏறு வண்டியில" என்றார் அப்பா.

அப்பாவை 'என்றார்' என்று எழுதுகிறேன், அம்மாவை 'என்றாள்' என்றுதான் எழுதப்போகிறேன். கை அப்படியே பழகிவிட்டது, என்ன செய்ய. தினமும் விடியலில் எழுந்து அப்பாவுக்குச் சமமாக மரம் வெட்டி, அதாவது ரப்பர் பட்டையைக் கீறி, பால் வாளி சுமந்து, மத்தியானம் வந்து உலை வைத்தவள் அவள். மரியாதை என்று வந்தால் மட்டும் என் கையே ஓரவஞ்சனை செய்கிறது.

அம்மா எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடத்தில் மல்லிகையும் அரளியும் செண்டுப்பூவும் துளசியும் போட்டிருந்தாள். வேறு தோட்டத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள், வந்த இரண்டாம் வருஷமே முதல் மாலை கட்டும் வேலை அவளிடம் வந்துவிட்டது. அவ்வளவு சுத்தமான கை. வாழைநாரைத் தண்ணீரில் ஊறப்போட்டு, மெல்லிசாகக் கிழித்து, விரலிடுக்கில் பூவை வைத்து இழுத்தால் ஒரு காம்பு வெளியே தெரியாது. முடிச்செல்லாம் உள்பக்கம். அதுதான் அவளுக்குப் பெருமை.

"பாக்குறவங்க கண்ணுக்குப் பூ மட்டுந்தான் தெரியணும். கட்டுனவ கை தெரியக் கூடாது" என்பாள்.

கடைசி வெள்ளைக்காரத் தொரை இருந்தபோது எனக்கு ஏழு எட்டு வயது. முழங்கால் வரை வெள்ளைக் காலுறை, வெயிலில் வெந்து சிவந்த கழுத்து, அக்குளில் தொப்பி. ஆபீஸிலிருந்து இரண்டு பேர் அந்தத் தேக்கு நாற்காலியைத் தூக்கி வருவார்கள். அவர் அதில் நிமிர்ந்து உட்காருவார். பூசாரி முதல் மாலையை அவர் கழுத்தில் போடுவார். கோயில் மாலையைப் பூசை முடியும் வரை கழுத்தில் வைத்திருக்க வேண்டும். அதுதான் முறை.

தொரை பத்து எண்ணுவதற்குள் கழற்றிவிட்டார். இரண்டு விரலைக் கழுத்துக்கும் மாலைக்கும் நடுவில் விட்டார், ஒரு தடவை நெளிந்தார், அப்படியே தலைக்கு மேல் தூக்கி டிரைவர் கையில் கொடுத்துவிட்டார். பெண்கள் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து அம்மா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் கையைப் பிடித்திருந்தேன். அந்தக் கை சட்டென்று விட்டுப்போனது இன்றைக்கும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தாள்.

"என் மால நாறுதா? கேக்குறேன், நாறுதா? பொணத்துக்குப் போட்டத எடுக்குற மாரி எடுத்துக் குடுக்குறான்!"

"வெள்ளக்காரனுக்கு வேர்க்கும்டி. வுடு" என்றார் அப்பா.

அவளா விடுகிறவள்? அடுத்த வருஷம் பூவை இரண்டு மடங்கு ஆக்கினாள். தொய்வாகத் தெரிந்ததால்தான் தொரைக்குப் பிடிக்கவில்லை என்று அவளாக ஒரு முடிவுக்கு வந்து, ஒரு முடிச்சு போட்ட இடத்தில் இரண்டு போட்டாள். மாலை கயிறு மாதிரி விறைப்பாக நின்றது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து பார்த்து வாயைப் பிளந்தார்கள். தொரை அந்த வருஷம் எட்டு எண்ணுவதற்குள் கழற்றினார். அதற்கு அடுத்த வருஷம் இன்னும் நெருக்கமாக, இன்னும் முடிச்சு. அந்த வருஷம் நான் ஆறுதான் எண்ணினேன். அன்று சாயங்காலம் அம்மா பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றாமல் சும்மா பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அந்தத் தொரையைக் கல்லால் அடிக்க வேண்டும் போல இருந்தது.

பிறகு அவர் கப்பலேறிப் போய்விட்டார். உள்ளூர்த் தொரை வந்தார். இரண்டு வருஷம் திருவிழாவுக்கு வந்து ஒழுங்காக உட்கார்ந்தார். மூன்றாம் வருஷம் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாகிவிட்டது, பூசாரி மாலையோடு வெளியே வந்தாகிவிட்டது, அப்போதுதான் ஆபீஸிலிருந்து ஆள் ஓடி வந்து தொரை அவசரமாகக் கோலாலம்பூர் போய்விட்டார் என்றான். பூசாரி முழித்தார். மேளக்காரன் நிறுத்தவும் முடியாமல் அடிக்கவும் முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தான். அம்மன் காலடியில் வைத்த மாலை, உள்ளே திரும்பிக் கொண்டுபோகக் கூடாது. அப்போது எங்கள் பெரிய கங்காணி எழுந்து தொண்டையைச் செருமினார்.

"நாக்காலிக்குப் போடுங்க சாமி. அவரு உக்காருற எடந்தானே!"

போட்டார்கள். அடுத்த வருஷம் தொரை வருகிறாரா என்று யாரும் விசாரிக்கவே இல்லை. நேராக நாற்காலிக்கே போட்டார்கள். அப்புறம் அதுவே முறையாகிவிட்டது. அம்மாவுக்கு அதில் ஏக திருப்தி.

"நாக்காலியாவது கழட்டாம இருக்குல்ல" என்றாள்.

தோட்டம் கைமாறியது. மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். லயங்கள் காலியாயின. நாங்கள் ஈப்போவுக்கு வந்து ஒரு தாமானில், அதாவது புதுக் குடியிருப்பில், வீடெடுத்துக் குடியேறினோம். அப்பா ஒரு தொழிற்சாலையில் காவலுக்குப் போனார், நான் டீச்சரானேன். ஆனாலும் ஆடி வந்தால் எல்லாரும் அங்கே திரும்பிப் போவோம். ஈப்போவிலிருந்து, சுங்கை சிப்புட்டிலிருந்து, சிங்கப்பூரிலிருந்துகூட வருவார்கள். செம்பனைக்கு நடுவில் அந்தக் கோயில் மட்டும் மஞ்சளும் சிவப்புமாக நிற்கும். கார் கதவைத் திறந்ததும் சாம்பிராணி வாசனையோடு பழைய குரல்கள் வரும். "யாரு, பால் கொட்டுற எடத்துக்குப் பக்கத்து வீட்டுப் புள்ளயா? எப்படி வெளுத்துப் போயிட்ட!" என்று கன்னத்தைக் கிள்ளுவார்கள். எனக்கு அறுபது வயதிலும் கிள்ளினார்கள். அந்தக் கிள்ளலுக்காகவே ஒரு வருஷம் முழுக்கக் காத்திருப்பேன், பொய் சொல்லவில்லை. அம்மா ஈரத்துணி விரித்த கூடையில் முதல் மாலையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் வருவாள். பள்ளத்தில் கார் குதித்தால் எனக்குத் திட்டு விழும்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பா போய்ச் சேர்ந்தார். அந்த வருஷ ஆடிக்குக் கமிட்டியிலிருந்து போன் வந்தது. மாலையை ஈப்போ லிட்டில் இந்தியாவில் கடையிலேயே சொல்லிவிட்டார்களாம். "உங்களுக்கு எதுக்குக்கா சிரமம்?" என்றார்களாம். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா போனை வைத்துவிட்டு, "சரிதான்" என்றாள். தலையில் பூ வைப்பதை அதற்கு முன்பே விட்டிருந்தாள். வாசலில் பூக்கும் மல்லிகையைப் பறித்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பாள், தான் ஒன்றை மோந்துகூடப் பார்க்க மாட்டாள். திருவிழாவில் கடை மாலை நாற்காலிக்கு விழும்போது அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பன்னிரண்டு வருஷம் அதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

இந்த வருஷம் செய்தி வந்தது. அந்த நிலத்தில் வீடுகள் கட்டப் போகிறார்கள். கோயிலைப் புதுத் தாமானுக்கு ஓரமாக ஓர் இடத்துக்கு மாற்றுகிறார்கள். பழைய இடத்தில் இதுதான் கடைசித் திருவிழா. அப்போதே நான் தீர்மானித்துவிட்டேன். அந்த முதல் மாலை இந்த ஒரு தடவை என் அம்மா கழுத்தில் விழ வேண்டும். அவளுக்கு எண்பத்திரண்டு வயது. இனிமேல் எப்போது?

கோயில் தலைவரைச் செமோரில் ஒரு மாமாக் கடையில், தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், பிடித்தேன். அவர் வேறு யாருமில்லை, அந்தப் பெரிய கங்காணியின் மகன். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், என்னோடு தோட்டத்துப் பள்ளியில் படித்தவர். நல்ல மனுஷன்தான், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். தே தாரிக், அதாவது ஆற்றிய டீ, வரும் வரை பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசிவிட்டு விஷயத்துக்கு வந்தேன். அவர் கிளாஸைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார்.

"இது லெச்சேலா டீச்சர், வீண் தொல்ல. மொத மால ஆபீசுக்கு. அது நம்ம முற."

"ஆபீஸ் எங்கண்ணே இருக்கு? இடிச்சு இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு!"

"நாக்காலி இருக்குல்ல."

"நாக்காலிக்குக் காது கேக்குமா? கண்ணு தெரியுமா? நாப்பது வருஷத்துக்கும் மேல அந்த மாலையக் கட்டுன மனுஷி உசிரோட இருக்கா."

"எங்கப்பா வாயால சொன்ன முற டீச்சர் அது. கடைசி வருஷத்துல நான் போயி மாத்துனா நல்லாவா இருக்கும்? அவரு பேரச் சொல்ல இந்த ஒண்ணுதானே மிச்சம்."

அதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் இளகியது, மறைப்பானேன். அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அதோட... நான் சொல்லக் கூடாது. அப்பா தவறிட்டாங்கல்ல. அம்மாவுக்குப் போயி கோயில் மால... சனங்க பேசும்லா."

நான் கிளாஸை வைத்த வேகத்தில் தே தாரிக் மேஜையெல்லாம் ஓடியது. என்னென்ன பேசினேன் என்று முழுசாக நினைவில்லை. அந்த அம்மனுக்குப் புருஷன் எங்கே என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது. கடையில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவன்கூடத் திரும்பிப் பார்த்தான். தலைவர் கர்சீப்பால் மேஜையைத் துடைத்துக்கொண்டே, "கோவப்படாதீங்க. ஒண்ணு செய்யலாம். இந்த வருஷம் மாலைய அம்மாவே கட்டட்டும். கடையில சொல்லல. போதுமா?" என்றார்.

போதாது என்றுதான் எழுந்து வந்தேன். வீட்டில் அம்மாவிடம் சொல்லிக் குமுறினேன். மாலை போடக் கேட்டால் மாலை கட்டச் சொல்கிறார்கள், கூலிக்காரியாகவே வைத்திருக்கப் பார்க்கிறார்கள் என்றேன். அம்மா பாதியிலேயே என்னை நிறுத்தினாள்.

"கட்டச் சொன்னாங்களா? என்னையா?"

"ஆமா. அதான் சொல்றேன்..."

"நாரு வேணுமே" என்று எழுந்துவிட்டாள்.

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. நான் முதல் மாலைக்குச் சண்டை போட்டால் அவள் வாழைநாருக்கு அலைகிறாள். பின்வீட்டுச் சீன ஆன்ட்டியின் வேலியோரம் வாழை நிற்கிறது. அவரிடம் தானே போய்ச் சைகையும் மலாயுமாகப் பேசி ஒரு முழு மட்டையை வாங்கி வந்தாள். திருவிழாவுக்கு முதல் நாள் மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் பூக்களைக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். விரல் மூட்டெல்லாம் வீங்கியிருந்தன. அடிக்கடி கையை உதறிக்கொண்டாள். நானும் நாரை எடுத்தேன்.

"முடிச்ச வெளிய வுடாதடி! டீச்சராம் டீச்சர்" என்று என் புறங்கையில் ஒன்று போட்டாள்.

நாலு மணி நேரம் ஆயிற்று. முடித்ததும் இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தாள். கயிறு மாதிரி விறைப்பாக, ஒரு காம்பு தெரியாமல், பழைய மாதிரியே இருந்தது. அந்த முகத்தைப் பார்த்த பிறகு என் சண்டையை மூட்டை கட்டி வைத்தேன். இவளுக்கு இதுவே போதும் என்றால் எனக்கு என்ன வந்தது?

திருவிழாவுக்கு அப்படி ஒரு கூட்டம். கடைசி என்பதால் பத்து வருஷமாக வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். வெயில் கொளுத்தியது. பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் எல்லாம் நிரம்பிவிட்டன. தேக்கு நாற்காலி வழக்கமான இடத்தில் தனியாக நின்றது. நானும் அம்மாவும் தூண் ஓரமாக நின்றோம். அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கால் மாற்றி மாற்றி நிற்பதைப் பார்த்து, "இரும்மா, தண்ணி கொண்டாரேன். எங்கயாச்சும் நாக்காலி கிடைக்குதான்னும் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன். தண்ணீர்ப் பந்தலில் இரண்டு பேர் கன்னத்தைக் கிள்ளினார்கள், ஒருவர் ஓய்வு வாழ்க்கை எப்படி என்று விசாரித்தார். திரும்பி வருவதற்குள் தீபாராதனை முடிந்து மேளம் உச்சத்துக்கு ஏறிவிட்டது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். தேக்கு நாற்காலியில் என் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு கையும் இரண்டு முழங்கால் மேல். எதிரே பூசாரி தட்டோடு வருகிறார்.

அந்தப் பூசாரி புதிது. தமிழ்நாட்டிலிருந்து பெர்மிட்டில் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. முதல் மாலை ஆபீஸ் நாற்காலிக்கு என்று தலைவர் சொல்லி வைத்திருக்கிறார். நாற்காலியில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தால் அவர் என்ன நினைப்பார்? இவர்தான் ஆபீஸ் அம்மா போலிருக்கிறது என்று நினைத்தார். சிரித்த முகமாக மாலையை எடுத்தார், மந்திரத்தைச் சொன்னார், அம்மாவின் கழுத்தில் போட்டுக் கும்பிட்டார்.

மேளம் நின்றுவிட்டது. யார் நிறுத்தச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. அம்மா மாலையைக் குனிந்து பார்த்தாள், பிறகு எங்கள் எல்லாரையும் பார்த்தாள். எழுந்திருக்கப் பார்த்தாள். தலைவர் இரண்டு எட்டு முன்னால் வந்தார். நான் சண்டைக்கு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன், சத்தியமாக.

"உக்காருங்கம்மா" என்றார் அவர். "பூச இன்னும் முடியல. உக்காருங்க."

அப்போது பெண்கள் பக்கமிருந்து ஒரு கிழவி, அம்மாவோடு ஒரே நிரையில் மரம் வெட்டியவர், நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டார் பாருங்கள்! அதைப் பிடித்துக்கொண்டு இன்னொருத்தி. அப்புறம் எல்லாரும். மேளம் மறுபடி விழுந்தது. நான் கையில் இருந்த தண்ணீரையெல்லாம் சேலையில் கொட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன். அறுபது தாண்டிய பெண்பிள்ளை இப்படி அழலாமா என்று யாரோ முதுகைத் தட்டினார்கள். அழலாம், அதற்கென்ன? என் அப்பா போன பிறகு அவள் மேல் ஏறிய முதல் பூ அது.

பூசை முடிய முக்கால் மணி நேரம் ஆயிற்று. அம்மா மாலையைக் கழற்றவில்லை. முறை தெரிந்தவள் ஆயிற்றே. ஆனால் போகப் போக அவள் நெளிந்துகொண்டே இருந்தாள். கழுத்தை இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். ஒரு கட்டத்தில் இரண்டு விரலைக் கழுத்துக்கும் மாலைக்கும் நடுவில் விட்டாள். கூச்சப்படுகிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

காரில் வரும்போது கேட்டேன்.

"உண்மையச் சொல்லும்மா. தெரிஞ்சுதானே போயி உக்காந்த?"

"முட்டி வலிடி. பிளாஸ்டிக் நாக்காலி ஒண்ணுகூடக் காலி இல்ல" என்றாள். மடியில் மாலை இருந்தது. கையால் அதன் உள்பக்கத்தைத் தடவிக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்கு வந்து ரவிக்கையின் மேல் ஊக்கைக் கழற்றியபோதுதான் பார்த்தேன். கழுத்தைச் சுற்றிச் சிவப்புச் சிவப்பாகக் கோடுகள். பூனை பிராண்டின மாதிரி இருந்தது. ஒன்றிரண்டு இடத்தில் தோல் உரிந்தே இருந்தது. காய்ந்த வாழைநார் முடிச்சு. அத்தனையும் உள்பக்கம்.

"அய்யய்யோ, என்னம்மா இது!"

தேங்காய் எண்ணெயை எடுத்து வந்து தடவினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அந்த வெள்ளக்காரத் தொர இப்ப உசிரோட இருப்பானா?" என்றாள் திடீரென்று.

"எங்கம்மா... இருந்தா நூறு வயசு தாண்டியிருக்கும்."

"செவந்த கழுத்துடி அவனுக்கு. வெயில்ல வெந்த கழுத்து. அதுல போயி வருசா வருசம் கூடக் கூட முடிச்சுப் போட்டேனே பாவி. நான் அவனத் திட்டாத திட்டு இல்ல." மாலையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா மாத்திக் கட்டியிருப்பேன்ல?"

"நீ கேட்டிருக்கலாமேம்மா, ஏன் கழட்டுறீங்கன்னு."

அம்மா கண்ணைத் திறந்து என்னை முறைத்தாள். "நல்லா இருக்கே கத! தொரகிட்டப் போயி, கழுத்து வலிக்குதான்னு எவடி கேப்பா?"

எண்ணெயைத் தடவி முடித்து மூடியைத் திருகினேன்.

"கேட்டிருக்கணும்" என்றாள் அம்மா.